வெலிமடைக்குப் போனோம்

புவியியல் வகுப்பில் ஒரு நாள் யப்பானியக் கிராமங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். கியூஷு தீவிலே ஓயித்தா என்னும் பிரிவில் ஓயாமா என்றொரு சிற்றூர் உண்டு. மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர். சமநிலம் அருமை. நெல்லை மட்டும் நம்பியிருந்தால் வயிறு நிரம்பாது. 1961 ஆம் ஆண்டில் அவ்வூரார் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். நெல்லோடு மல்லுக்கட்டுவதை விடுத்து, மலைச்சரிவுகளில் பிளம் மரமும் செஸ்நட் மரமும் நடுவது. அவற்றால் வரும் பணத்தில் ஹவாய்த் தீவுக்கு உல்லாசப் பிரயாணம் போய் வருவது. அதையே ஊரின் சுலோகமாகவும் வைத்துக்கொண்டார்கள். கேட்டவர்கள் நகைத்தனர். ஆயினும் மரங்கள் காய்த்தன. பிளம் பழம் ஊறுகாயாகிப் பட்டணத்துக்குப் போயிற்று. அறுபதுகள் முடியுமுன்னரே அவ்வூர் உழவர் சிலர் ஹவாய்க் கடற்கரையில் நின்று படமும் எடுத்துக்கொண்டனர். பின்னர் 1979 இல் அந்தப் பிரிவின் ஆளுநர் ‘ஓர் ஊருக்கு ஒரு விளைபொருள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, அவருக்கு முன்மாதிரியாய் நின்ற ஊர்களுள் ஓயாமாவும் ஒன்று.

இந்தக் கதையைச் சொல்லி முடித்தால் மாணவர் முகங்களில் ஒரு மலர்ச்சி தோன்றுவது வழக்கம். அன்று கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவன், அதிகம் பேசாதவன்.

“சேர், அவங்க மரம் நட்டது யாருடைய நிலத்தில?”

“அவரவர் சொந்த நிலத்தில்தான்” என்றோம்.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

பாடம் முடிந்தது, மணியும் அடித்தது. ஆனால் அந்த ‘அப்ப சரி’ எம்மை விட்டு அகலவில்லை. யப்பானுக்குப் போய் ஆராய எமக்கு வசதியில்லை. ஊவாவிலேயே, கைக்கெட்டும் தூரத்தில், கமத்தொழிலையே உயிராகக் கொண்ட ஒரு சிறு பட்டினம் இருக்கிறது. அதையாவது பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று எண்ணி, 2024 வைகாசி மாதக் கடைசிச் சனிக்கிழமை, எட்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு பதுளையிலிருந்து வெலிமடைக்குப் பஸ் ஏறினோம்.

ஊவாவைக் காண வருவோர் பெரும்பாலும் ரயிலில் வருகின்றனர். அப்புத்தளையில் இறங்கிப் பனிமூட்டம் பார்க்கிறார்கள். எல்லையில் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். 1924 இல் பதுளை வரை வந்து சேர்ந்த அந்த இருப்புப்பாதை வெலிமடையைத் தொடவில்லை. ஆகவே உல்லாசப் பிரயாணிகளின் கையேடுகளில் இந்த ஊருக்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம். பேராதனையிலிருந்து நுவரெலியா வழியாகப் பதுளைக்கும், அதற்கப்பால் செங்கலடிக்கும் போகும் நெடுஞ்சாலையிலே, நுவரெலியாவின் குளிருக்கும் பதுளையின் வெயிலுக்கும் இடையில், ஒரு பெரிய கிண்ணத்தின் உட்புறம் போன்ற பள்ளத்தாக்கில் வெலிமடை அமைந்திருக்கிறது. சிங்களத்தில் ‘வெலி’ என்றால் மணல். ‘மட’ என்றால் சேறு. பெயருக்கு வேறு பொருள் கூறுவாரும் இருக்கலாம். எமக்கு இதுவே போதுமானதாகப் பட்டது. அன்று மாலை வீடு திரும்பியபோது எமது சப்பாத்துக்களில் இரண்டும் இருந்தன.

ஹாலி-எலையைத் தாண்டி எட்டம்பிட்டி வழியாகப் போகும்போது பாதையின் இருமருங்கையும் கவனிக்கும்படி பிள்ளைகளிடம் சொன்னோம். மேலே தேயிலை, கீழே வயல். இதுதான் ஊவாவின் முகம். மேட்டிலே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல ஒரே உயரமாக வெட்டிய செடிகள், நடுவில் தகரக் கூரையிட்ட லயங்கள். பள்ளத்திலே படி படியாக இறங்கும் வயல்கள், ஓரத்தில் தனித்தனி வீடுகள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு பூச்செடிகள். மேட்டில் உள்ளோர் பள்ளத்தை ‘நாடு’ என்பர். ‘நாட்டுக்குப் போய்வருகிறேன்’ என்று ஒரு தோட்டத்துப் பெண் சொன்னால், அவள் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்குப் போய்வருகிறாள் என்பது பொருள். தாம் இருக்கும் இடம் தோட்டம், மற்றது நாடு. இச்சொற்களை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். அந்தப் பையனின் கேள்விக்குப் பின்புதான் அவை காதில் உறுத்தத் தொடங்கின.

வெலிமடைப் பட்டினம் பெரிதன்று. ஒரு பஸ் நிலையம், ஒரு சந்தி, நாற்புறமும் கடைகள். அந்தக் கடைகளைப் பார்த்தாலே ஊரின் தொழில் தெரிந்துவிடும். விதைப் பொதிகள், மருந்து தெளிக்கும் பம்பிகள், உரமூட்டைகள், இறப்பர்க் குழாய்கள், மண்வெட்டிப் பிடிகள் என்று வரிசையாக இருக்கும். நகைக்கடைக்குப் பக்கத்திலும் நாற்றுக் கன்று விற்கிறார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் மூவரும் ஒரே கடையில் நின்று விலை பேசுகிறார்கள். அண்மையிலுள்ள குருத்தலாவையில் முஸ்லிம் மக்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். உலகப் போர் நடந்த 1942 ஆம் ஆண்டில், கொழும்புப் பெரிய கல்லூரியொன்றின் கிளை அங்கே ஒரு பண்ணையில் தோன்றியதையும் பழையவர்கள் நினைவுகூர்வர். நுவரெலியாப் பாதையில் திவுறும்பொல விகாரை இருக்கிறது. சீதாபிராட்டி தீக்குளித்துத் தன் கற்பை நிலைநாட்டிய இடம் அதுவென்பது ஐதிகம். இஸ்திரிபுரக் குகையிலும் இராவணன் பெயரே சொல்லப்படுகிறது. இராமகாதையின் சோகமான அதிகாரங்களெல்லாம் இந்தக் குளிர்மலையில் நடந்தனவாகவே மக்கள் நம்புகின்றனர்.

சரித்திரத்திலும் இப்பகுதிக்கு ஒரு சோகம் உண்டு. வெலிமடைக்கு மேற்கே நுவரெலியாப் பாதையிலுள்ள சிறு பட்டினத்தின் பெயர் கெப்பெட்டிபொல. 1818 கிளர்ச்சியை அடக்கும்படி ஆங்கிலேயர் அனுப்பிய ஊவாத் திசாவையான மொனரவில கெப்பெட்டிபொல, தம் மக்களின் பக்கமே சேர்ந்துகொண்டார். தமக்குத் தரப்பட்ட ஆயுதங்களை ஆங்கிலேயரிடமே திருப்பி அனுப்பிவிட்டுச் சேர்ந்தார் என்பதுதான் அவர் பெருமை. பிடிபட்டு, அவ்வாண்டு நவம்பரில் கண்டியில் தலை வெட்டப்பட்டார். அவருடைய மண்டையோடு ஸ்கொத்லாந்தின் எடின்பரோவுக்குக் கொண்டுபோகப்பட்டு, நூற்றாண்டுக்கு மேல் அங்கே காட்சிப்பொருளாகக் கிடந்து, 1954 இல்தான் தாய்மண்ணுக்குத் திரும்பியது. கிளர்ச்சியை ஒடுக்கியவர்கள் ஊவாவின் வயல்களையும் குளங்களையும் கால்நடைகளையும் விட்டுவைக்கவில்லை. பிறகு 1840 ஆம் ஆண்டின் சட்டமொன்று, உறுதி காட்ட முடியாத காடும் மேடும் முடிக்குரியவை என்றது. கோப்பித் துரைமார் அவற்றை மலிவாக வாங்கினார்கள். கோப்பியை இலைநோய் தின்றது, தேயிலை வந்தது. கிராமத்தானுக்குப் பள்ளத்து வயலும் வீட்டு வளவும் மிஞ்சின. துண்டு துண்டான இச்சிறு நிலங்களைக் கொண்டு என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் இன்றைய வெலிமடை பிறந்தது.

விடை உருளைக்கிழங்காக வந்தது. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையிலே பிறந்த இப்பயிரை நுவரெலியாவில் முதலில் பயிரிட்டவர்களுள் ஒருவர், 1840 களின் இறுதியில் அங்கே பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கர். ஆனால் நெடுங்காலம் அது துரைமார் தோட்டத்துக் காய்கறியாகவே இருந்தது. 1960 களின் பிற்பகுதியில் வெளிநாட்டுக் கிழங்கின் வரவை அரசாங்கம் தடுத்தபோதுதான் மலைநாட்டுக் கமக்காரனுக்குக் கதவு திறந்தது. கால் ஏக்கர் வைத்திருந்தவனும் கிழங்கு போட்டான். கல்வீடு எழுந்தது, பிள்ளை பள்ளிக்கூடம் போனான். சந்தியில் நாம் கண்ட கடைகளிற் பல கிழங்குக் காசில் எழுந்தவையே என்று ஒரு கடைக்காரர் எமக்குச் சொன்னார்.

இனி நாம் பார்த்த வயலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பட்டினத்திலிருந்து ஒரு மைல் நடந்து, வாய்க்கால் வரம்பில் இறங்கினோம். அறுபது வயது மதிக்கத்தக்க சிங்களக் கமக்காரர் ஒருவர், எட்டுப் பிள்ளைகளோடு வரும் எம்மைக் கண்டு முதலில் திகைத்தார், பின்பு சிரித்தார். நல்ல தமிழ் பேசினார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டோம். “படிக்கல்ல மாஸ்டர். இந்த வயல்லதான் பழகினது” என்று வேலை செய்துகொண்டிருந்த பெண்களைக் காட்டினார். அவருக்கு நான்கு துண்டுகளாக முக்கால் ஏக்கர். அதற்குள் ஒரு பெரிய பண்ணையின் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பெரும்போக மழையில் அந்த வயலில் நெல் விளையும். அறுவடை முடிந்து சித்திரைப் புத்தாண்டும் கழிந்தபின், வயலை வடியவிட்டு, சேற்றைக் காயவைத்துக் கொத்தி, உயர்ந்த பாத்திகளாகக் கட்டுகிறார்கள். சிறுபோகத்தில் அதே வயலில் கிழங்கு. இது வெறும் பேராசையன்று. இதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. கிழங்குச் செடியைத் திடீரென்று வாடச் செய்து சாய்க்கும் ஒரு பற்றீரியா மண்ணிலே தங்கிவிடக்கூடியது. மேட்டு நிலத்தில் ஆண்டுக்கு ஆண்டு கிழங்கே போட்டால் அது பெருகும். நெல்லுக்காக மாதக்கணக்கில் நீர் தேங்கும் வயலிலோ அதன் பலம் குறைந்துபோகிறது. நெல் முந்திக்கொண்டு மண்ணைக் கழுவிக் கொடுக்க, கிழங்கு அதில் படுத்துக்கொள்கிறது. இதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. எமது விஞ்ஞான மாணவர்கள் புத்தகத்தில் படித்திருந்தார்கள். ஆனால் வயலில் கண்டதில்லை.

விதைக் கிழங்கைப் பெட்டிகளில் அடுக்கி, இருட்டுமல்லாத வெயிலுமல்லாத இடத்தில் முளைவிடச் செய்கிறார்கள். முளை கட்டையாகவும் தடித்தும் இருக்கவேண்டும். நீண்டு வெளுத்தால் ஆகாது. அதிகம் போடுவது ‘கிரனோலா’ என்ற ஜெர்மன் இனம். சீதா எலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரசாங்க விதைப் பண்ணைகளும் உள்ளன. இருந்தும் நல்ல விதைக்குத் தட்டுப்பாடு தீர்ந்தபாடில்லை. செலவிற் பெரிய பங்கு விதைக்கே போகிறது. நட்டு மூன்று, மூன்றரை மாதத்தில் கிழங்கு. அதற்குள் இரண்டு தரம் மண் அணைத்தல், களை பிடுங்கல், நீர் பாய்ச்சல், மருந்தடித்தல்.

மருந்தடிப்பது எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். கமக்காரர் ஓர் இலையைக் கிள்ளித் திருப்பிக் காட்டினார். பனியும் தூறலும் சேர்ந்து நாலு நாள் நின்றால் இலையின் ஓரம் கருகும். மறு வாரம் வயல் முழுவதும் வெந்ததுபோல் ஆகிவிடும். இந்த இலைக்கருகல் நோய்தான் 1845 இல் அயர்லாந்தில் புகுந்தது. உருளைக்கிழங்கையே உணவாக நம்பியிருந்த அந்நாட்டில் ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்கு மேலும் பலர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயினர். ஒரு சிறு இலையை வைத்துக்கொண்டு உலக சரித்திரம் கற்பிக்கலாம் என்று எமக்கு அன்றுதான் தெரிந்தது. வகுப்பறையில் இவ்வளவு அமைதியாக அவர்கள் எம்மைக் கேட்டதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

“நெல்லு சாப்பாட்டுக்கு மாஸ்டர், கிழங்கு கடனுக்கு” என்றார் அவர். விளைச்சல் நன்றாக இருந்தால் விலை விழும். விலை நன்றாக இருந்தால் விளைச்சல் இராது. இரண்டும் நன்றாக இருக்கும் ஆண்டில் பாகிஸ்தான் கிழங்கோ இந்தியக் கிழங்கோ துறைமுகத்துக்கு வந்துவிடும். 1996 இல் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்த நாளிலிருந்து இந்தப் போராட்டம் நடக்கிறது. அரசாங்கம் இறக்குமதி வரியை ஏற்றினால் கமக்காரர் மூச்சு விடுகிறார்; இறக்கினால் பட்டணத்தார் மூச்சு விடுகிறார்கள். எமது வீட்டிலும் கிழங்கு வாங்கும்போது நாம் பட்டணத்தார் பக்கமே நிற்கிறோம் என்பதை அந்த வரம்பில் நின்றபோது நாணத்துடன் உணர்ந்தோம்.

அண்மையில் அவர்களுக்கு நேர்ந்த பெரிய இடி 2021 இல் வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் இறக்குவது ஒரே அடியாகத் தடுக்கப்பட்டது. சேதனப் பசளை நல்லதே. ஆனால் அதற்கு மண்ணைப் பழக்கவும் பசளையைச் சேர்க்கவும் வருடங்கள் வேண்டும். கிழங்கு பெருந்தீனிக்காரப் பயிர். நவம்பரில் தடை தளர்ந்தபோது பயிர் நொந்துபோயிருந்தது. மறு ஆண்டு டீசல் இல்லை. பறித்த கோவாவும் லீக்ஸும் போஞ்சியும் லொறி வராமல் பாதையோரத்தில் அழுகின. அந்த இரண்டு ஆண்டுக் கடனில் பாதியைத்தான் தாம் தீர்த்திருப்பதாக அவர் சொன்னார்.

மாலை நேரத்தில் கெப்பெட்டிபொலவிலுள்ள பொருளாதார மத்திய நிலையத்தைப் பார்த்தோம். மூட்டைகள் இறங்குகின்றன, ஏறுகின்றன. கரட்டும் பீட்ரூட்டும் கழுவிப் பளபளக்கின்றன. தம்புள்ளைக்கும் கொழும்புப் பக்கத்துப் பேலியகொடைக்கும் லொறிகள் புறப்படுகின்றன. விலையைச் சொல்பவர் ஒருவர். சிட்டையில் எழுதுபவர் இன்னொருவர். பயிரிட்டவர் ஓரமாக நின்று பார்க்கிறார். தாம் மூன்று மாதம் வளர்த்த பொருளுக்கு விலை சொல்லும் நேரத்தில் அவர் வாய் திறப்பதில்லை. ஓயாமாவின் உழவர்கள் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். கூட்டுறவின் மூலம் தாமே பதப்படுத்தினர். பிற்காலத்தில் தாமே விலைச்சீட்டு ஒட்டித் தம் கடையில் வைத்தனர். வெலிமடையில் விளையும் தக்காளியும் கிழங்கும் பெரும்பாலும் பிறந்த கோலத்திலேயே ஊரைவிட்டுப் போகின்றன.

வயலுக்குத் திரும்புவோம். மண் அணைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஐவரும் தமிழர்கள். பகலில் வாய்க்கால் ஓரத்தில் அமர்ந்து பிளேன்டீ குடித்தபோது, அவர்களுள் மூத்தவரோடு பேசினோம். ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். மேலேயுள்ள தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்.

“இன்னைக்குத் தோட்டத்துல வேலை இல்லையா அம்மா?”

“இருந்தாலும் அரைப் பேருதான் ஐயா. கொழுந்து இல்லாத நாள்ல நாட்டு வேலைக்கு வந்துருவோம். கையில காசு, பகலைக்குச் சோறும் குடுப்பாங்க.”

“கிழங்கு வேலை எல்லாம் தெரியுமா?”

“இருபது வருஷமா இதைத்தானே செய்யிறேன்.”

கமக்காரர் குறுக்கிட்டார். “அக்கா சொன்னாத்தான் நான் மருந்தே அடிக்கிறது. விடியக்காலம் வந்து இலையைப் பார்ப்பா. ‘நாளைக்கு அடிச்சிருங்க’ என்பா. தப்பினது இல்லை.”

“உங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தால் கிழங்கு போடுவீர்களா?” என்று கேட்டோம். கேட்டபின் கேட்டிருக்க வேண்டாமே என்று தோன்றிற்று. அவர் எம்மைப் பாராமல், கோப்பையிலிருந்த மிச்சத் தேநீரைச் சிறிது நேரம் பார்த்தார்.

“லயத்துக்குப் பின்னால கொஞ்சம் போட்டிருக்கேன், ஐயா. நாலு போஞ்சி, நாலு கரட். கங்காணி சும்மா விட்டுருக்காரு. துரை மாறினா என்ன சொல்வாரோ.”

எமது பையன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

யப்பானில் நடந்ததை முழுமையாகச் சொல்லவேண்டிய கடமை எமக்கு உண்டு. ஓயாமாவில் பிளம் மரம் நட்டதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1946 இல், அந்நாட்டில் ஒரு பெருங் காரியம் தொடங்கியது. ஊரில் வாழாத நிலக்காரரின் குத்தகை நிலம் முழுவதையும், ஊரில் வாழ்வோரின் குத்தகை நிலத்தில் ஏறக்குறைய ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்டதையும் அரசு வாங்கி, உழுதவனுக்கே விற்றது. பணவீக்கத்தால் அந்த விலை அற்பமாகிவிட்டது. 1950 அளவில், யப்பானிய உழவருள் மிகப் பெரும்பாலோர் தம் வயலின் சொந்தக்காரராய் இருந்தனர். நெல் வேண்டாம், பிளம் போதும் என்று அவர்களால் கூடித் தீர்மானிக்க முடிந்தது அதனால்தான்.

இலங்கையிலும் 1972 இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருத்தலாகாது. வயலானால் 25 ஏக்கர். 1975 இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. ஆனால் தோட்டம் துரையிடமிருந்து திணைக்களத்துக்குக் கைமாறியதேயன்றி, கொழுந்து பறித்தவளிடம் வரவில்லை. 1992 இல் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் நாடற்றவர் ஆனதையும், 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பங்கள் பிரிந்து கப்பலேறியதையும், 2003 வரை அந்தப் பிரச்சினையின் மிச்சம் நீடித்ததையும் வாசகர்கள் அறிவர். பிரசாவுரிமை கிடைத்தபின்னும் காணி கிடைக்கவில்லை. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச்சஸ் என்கிறார்கள். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். ஏழிலே வீடு கட்டியது போக, ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் நடலாம். அதுவும் பலருக்கு இன்னும் எட்டவில்லை. லயத்தின் ஆபத்து வேறு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 ஆந் தேதி லயங்களை மண் மூடியதை ஊவாவில் யார் மறந்திருக்கிறார்?

இதனால் கிராமத்தானைக் குறைகூற எமக்கு நா எழவில்லை. அவருடைய முக்கால் ஏக்கரும் நான்கு துண்டு. அதை இனி மூன்று பிள்ளைகளுக்குப் பிரிக்கவேண்டும். மூத்தவன் கொரியாவுக்குப் போய்விட்டான் என்று சொன்னார். ஓயாமாவுக்கும் இதே கதிதான். மரமும் பணமும் இருந்தும், இளைஞர் பட்டணம் சேர, ஊர் முதியோர் ஊராகி, 2005 இல் பக்கத்து ஹித்தா நகரத்தோடு இணைக்கப்பட்டது.

வெலிமடையாருக்கு இன்னொரு கவலை அவர்களுடைய ஆறு. மகாவலியின் கிளையான உமா ஓயா இந்தப் பள்ளத்தாக்கினூடே வடக்கு நோக்கி ஓடுகிறது. வெலிமடைக்கருகே புஹுல்பொலையில் அணைகட்டி, நீரின் ஒரு பகுதியை டயறபா அணைக்குக் கொண்டுபோய், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தெற்கே திருப்பியிருக்கிறார்கள். நிலத்தடியில் 120 மெகாவாற் மின்சாரம். பிறகு மொனறாகலை, அம்பாந்தோட்டை வயல்களுக்குத் தண்ணீர். நாம் போவதற்கு ஒரு மாதம் முன்புதான், 2024 ஏப்ரல் 24 இல், ஈரான் ஜனாதிபதியும் வந்திருந்து அதைத் திறந்துவைத்தனர். வறண்ட தெற்குக்கு அது வரப்பிரசாதமே. ஆனால் 2014 டிசம்பரில் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டபின், பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஆற்றைப் பார்த்துக்கொண்டே கமக்காரர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நின்றார். மறு ஆண்டு, 2025 நவம்பர் இறுதியில், ‘டித்வா’ புயலின் மழையில் இதே பதுளை மாவட்டம் எங்கும் மலை சரிந்து, பாதைகள் அறுந்து, பல உயிர்கள் போயின. அப்போது முதலில் எமக்கு நினைவு வந்தது அந்தப் பள்ளத்தாக்கும், அதன்மேல் நிற்கும் லயங்களுந்தான்.

புறப்படும்போது கமக்காரர் பிள்ளைகளுக்குக் கைநிறைய போஞ்சி பறித்துக் கொடுத்தார். எமது பையன் போஞ்சி வேண்டாமென்று, நட்டது போக மிஞ்சியிருந்த முளைக்கிழங்கில் சிலவற்றைக் கேட்டான். அவர் பெட்டியைக் கிளறி, முளை தடித்த பத்துக் கிழங்குகளைத் தெரிந்து கொடுத்தார். முளை ஒடியாமல் கொண்டுபோகவேண்டும் என்று மூத்த அம்மா தம் படங்குத் துண்டொன்றைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் அவன் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தான்.

புரட்டாதி பிறந்த சில நாட்களில், பாடசாலை விட்டபின் அவன் எமது மேசைக்கு வந்தான். பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வைத்தான். உள்ளே இரண்டு கிழங்குகள். மண் துடைத்தும் துடைக்காமலும்.

“லயத்துக்குப் பின்னால போட்டது, சேர். அம்மாதான் மண் அணைச்சாங்க.”

“நோய் வரவில்லையா?”

“மூணு செடி வாடிருச்சு. பிடுங்கித் தூரப் போட்டுட்டோம்.”

“மிச்சமெல்லாம் சமைத்தாயிற்றா?”

“இல்ல சேர். விதைக்கு ஆறு வச்சிருக்கோம்.”